பூதம் நின்ற கட்டம்

என் மூத்த சகோதரி ராத்தாவைக் கலியாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்த மச்சான், முதல் சில வாரங்களில் எங்களோடு கதைத்ததைவிட வீட்டுப் பூனையோடு கதைத்ததுதான் அதிகம். அது அவருடைய பிழை இல்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வந்தவருக்கு எங்கள் வீடு கொடுத்த மரியாதையில் அவருக்கு வாய் திறக்கவே வழியில்லாமல் போய்விட்டது. அவர் முன்னறைக்கு வந்தால் வாப்பா டீவியை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவார். உம்மா சாப்பாட்டை மேசையில் மூடிவைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று, "மருமகனைச் சாப்பிட வரச் சொல்லு" என்று என்னை அனுப்புவார். அது அவருடைய காதிலேயே விழுந்திருக்கும். ஆனாலும் நான் போய் இன்னொரு தடவை சொல்லவேண்டும்.

ராத்தாவும் அவரோடு கதைத்து நான் காணவில்லை. ராத்தா பாலர் பாடசாலையில் படிப்பித்தார். பகல் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லித் தொண்டை கட்டிப்போய் வருபவர், மச்சானைக் கண்டால் மட்டும் "ஓம்", "இல்ல" என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்வார். மச்சான் வேலை முடிந்த கையோடு மருதமுனையிலுள்ள தன் உம்மா வீட்டுக்குப் போய்விடுவார். நாங்கள் படுக்கப் போகும்போதுதான் அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும். குசினி அடுப்படியில் உம்மாவும் வாப்பாவும் குரலைத் தாழ்த்திக் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். "சரிவரல்ல", "பிரிச்சி உடுறண்டா", "பெரியாக்கள்", "வந்து கதைக்கப் போறாங்களாம்" என்று துண்டு துண்டாகத்தான் எனக்குக் கேட்கும். எங்கள் வயலை விற்கப் போகிறார்கள் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

அந்த மாரியில் மாவடிப்பள்ளியில் றோட்டுக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தது. அம்பாறையில் காணி அளக்கும் ஒரு சேர்வையரிடம் படம் கீறும் வேலை பார்த்த மச்சானுக்கு வேலைக்குப் போக முடியவில்லை. கல்முனைப் பக்கமும் தண்ணீர் நின்றதால் உம்மா வீட்டுக்கும் போக முடியவில்லை. எங்களுக்கும் பள்ளிக்கூடம் இல்லை. யன்னலடியில் இருந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், எனக்கு நேர் மூத்த அண்ணன், காக்காதான் துணிந்து, "மச்சான், கரம் போட் விளையாடுவமா?" என்று கேட்டான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேறொண்டு இருக்கு" என்று தன் பையைத் திறந்தார்.

கொழும்பில் படிக்கும்போது அறைக் கூட்டாளிகளிடம் பழகிய விளையாட்டாம் அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதைக்குள் இறங்கவேண்டும். வெட்டு விழுமா, தப்புமா என்பதை இருபது முகமுள்ள ஒரு தாயக்கட்டை தீர்மானிக்கும். காக்கா மந்திரவாதியானான். நான் வாள்காரி ஆனேன். நிலத்துக்கடியில் ஒரு குகை, குகைக்குள் ஆறு, ஆற்றுக்கு மேலே ஒரு பாலம், பாலத்தைக் காவல் காக்கும் பூதம். இவ்வளவையும் மச்சான் ஒரு பெரிய தாளில் கட்டம் கட்டமாகக் கீறினார். ஒரு கட்டம் ஐந்தடி. தூண்களுக்குக்கூட அளவு எழுதியிருந்தார். அவருடைய வீட்டுத் தறியில் நூல் சுற்றி உடைந்துபோன சின்னக் கட்டைகளுக்கு வர்ணம் பூசி வைத்திருந்தார். அவைதான் நாங்கள். சிவப்புக் கட்டை நான். வீட்டில் உருவப் பொம்மை வைத்தால் உம்மாவுக்குப் பிடிக்காது என்று நினைத்தாரோ என்னவோ, எதற்கும் கண் மூக்கு வைக்கவில்லை. பூதத்துக்குப் பால்மா டின்னின் மூடி.

எனக்கு அந்தத் தாள் மிகவும் பிடித்துப்போனது. தூணுக்குப் பின்னால் என் கட்டையை வைத்தால் நான் பத்திரமாக இருக்கிறேன் என்று கண்ணால் காணலாம். ராத்தா பக்கத்து அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். மூன்று சட்டையை மடிக்க அன்று அவருக்குக் காலை முழுதும் எடுத்தது.

அடுத்த நாள் சண்டை நடுவிலே நிற்கும்போது ஓடு ஒழுகியது. தண்ணீர் நேரே தாளில் விழுந்து மை பரவி, ஆறும் பாலமும் தூணும் ஒரே நீலமாகிவிட்டன. மச்சான் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனி ஏலாது. புதுசாக் கீறித்தான் விளையாடலாம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கதவடியிலிருந்து ராத்தாவின் குரல் கேட்டது. "ஏன், வாயால சொன்னா என்ன?"

மச்சான் திரும்பிப் பார்த்தார். "வாயால சொன்னா ஆரு எங்க நிக்கிறண்டு எப்பிடித் தெரியும்?"

"கேட்டாத் தெரியும்" என்றார் ராத்தா.

பிறகு ராத்தா வந்து எங்களோடு பாயில் இருந்தார். "நானும் வாறன். குகைக்குள்ள வெளிச்சம் எங்கால வருது?"

மச்சான் அதை யோசித்திருக்கவில்லை. "மேல... ஒரு ஓட்டையால."

"வவ்வால் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப நாத்தமும் இருக்கும். நிலம் வழுக்கும். பூதத்துக்கும் வழுக்கும்தானே?"

மச்சான் சிரித்தார். அவருக்கு முன்பல் ஒன்று சற்று ஏறியிருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. தாள் இல்லாத குகை இருட்டாகவும் பெரிதாகவும் இருந்தது. பூதம் எந்தப் பக்கத்தாலும் வரலாம். நான் ராத்தாவின் மடியோடு ஒட்டிக்கொண்டேன். ராத்தா பூதத்தை வெட்டும் முறை வந்தபோது மச்சான் அவரிடம், "நீங்க தூணுக்குப் பின்னால நிக்கிறீங்க. அங்க நிண்டு வெட்டேலா" என்றார்.

"நான் எப்பவோ முன்னுக்கு வந்துட்டன். நீங்கதான் பாக்கல்ல."

"அதுதான் தாள் வேணுமெண்டு சொன்னன். தாள்ல எல்லாருக்கும் ஒரே குகை."

"தாள்ல எல்லாரும் கட்டையத்தான் பாக்கிறீங்க. குகைய ஆரும் பாக்கல்ல."

"சரி, நீ எங்க நிக்கிறாய்? அதச் சொல்லு."

அதுவரை ராத்தாவை 'நீங்க' என்றே சொல்லிவந்தவர் 'நீ' என்று விட்டார். சண்டை முற்றிவிட்டது என்று நினைத்து ராத்தாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "பாலத்துல" என்றார்.

தண்ணீர் வடிந்த அன்று மச்சானின் உம்மாவும் தாய்மாமாவும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். வாப்பா சாரத்தை மாற்றப் போனவர் வெளியே வர வெகுநேரம் எடுத்தார். உம்மா குசினி வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மாமா கதிரையில் இருந்து தொண்டையைச் செருமி, "ஒரு கதையொண்டு கதைச்சிட்டுப் போவமெண்டு வந்தம்" என்று தொடங்கினார்.

மச்சானின் உம்மா அவரைப் பார்க்கவில்லை. பாயில் இருந்த மகனையும் மருமகளையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் எழும்பி ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்ப இருந்துகொண்டார்கள். விட்ட இடத்திலிருந்து வாக்குவாதம் தாழ்ந்த குரலில் தொடர்ந்தது.

"என்ன மகன், சண்டையா?" என்று அவர் கேட்டார்.

"ஓம் உம்மா. இவ பாலத்துல நிக்கிறாவாம். ஆத்துக்குள்ள விழுந்து எவ்வளவு நேரம்."

"எந்தப் பாலம்? மாவடிப்பள்ளிப் பாலமா?"

ராத்தா தன் மாமிக்கு முழுக்கதையையும் சொன்னார். பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல, குரலை ஏற்றி இறக்கிச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த மாமி மெல்லக் கதிரையிலிருந்து பாய்க்கு இறங்கினார். "அப்ப பூதம் எங்கால நிக்கிது?" என்றார். மச்சான் ஒரு துண்டுத் தாளை எடுத்து அந்த இடத்தை மட்டும் கீறிக் காட்டினார். இடத்தில் பிணக்கு வந்தால் மட்டும் தாள், மற்றதெல்லாம் வாயால் என்று அவர்களுக்குள் முதல்நாளே பேச்சாகியிருந்தது.

கதிரையில் தனியாக விடப்பட்ட மாமா தேத்தண்ணியைக் குடித்தார். வாப்பாவோடு வெள்ளாண்மைக்கு வந்த சேதத்தைப் பற்றிக் கதைத்தார். பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, "அப்ப நாங்க வாறம்" என்று எழும்பினார். கொண்டுவந்த கதையை அவர் கதைக்கவே இல்லை. வயல் விற்பனை தள்ளிப்போய்விட்டது என்று நான் நினைத்தேன்.

ஓட்டோ போனபின் குசினிக்குப் போனேன். உம்மா பலகைக் கட்டையில் இருந்தார். நீண்ட தூரம் பாரம் சுமந்து வந்து இறக்கியவர்போல இரண்டு கையையும் மடியில் மலர்த்தி வைத்திருந்தார். அந்த விளையாட்டைப் பற்றி அதுவரை ஒரு சொல்லும் கேட்காதவர் என்னைப் பக்கத்தில் இழுத்து, "அந்தப் பூதம் செத்துட்டா, மகள்?" என்றார்.

"இல்ல உம்மா. இன்னும் உசிரோடதான் இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் உம்மா. "இருக்கட்டும். அவசரப்பட்டுச் சாகடிச்சிராதீங்க."

எங்கள் எல்லோரையும் விழுங்கக் காத்திருக்கும் ஒரு பூதத்துக்காக உம்மா ஏன் இப்படிப் பரிந்து கதைக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.