போயா தினத்தில் வந்த அதிகாரி

பிலிமத்தலாவையில் சின்னதொரு தையல் கடை வைத்திருக்கிறேன். டிசம்பர் வந்தால் பாடசாலைச் சீருடை வேலை குவிந்துவிடும். அதனால் போன டிசம்பர், பௌர்ணமி அரச விடுமுறையான போயாவன்றும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடையில் வேலை செய்பவர்களைத் தைக்க வைத்திருந்தேன். விடுமுறை நாளில் வேலை வாங்கினால் சட்டப்படி கொடுக்க வேண்டிய கூடுதல் சம்பளத்தை அப்போதெல்லாம் நான் கொடுத்ததில்லை.

காலையில் ஃபைலோடு ஒருவர் குனிந்து உள்ளே வந்தார்.

“தொழில் திணைக்களத்திலிருந்து வர்றேன். வருஷ முடிவு செக்கிங். போயாவுல வேல வாங்குறீங்களே, கேஸ் போட்டா தாங்குவீங்களா? வேணும்னா இங்கயே பேசி முடிச்சிக்கலாம்.”

என் கை தானாகக் காசு வைக்கும் மேசை லாச்சிக்குப் போனது. அப்போதுதான் உறைத்தது. இன்று அரசாங்கக் கந்தோர்கள் எல்லாம் பூட்டு. இவருக்கு மட்டும் லீவு இல்லையா?

“ஐயாவோட ஐடென்டியைக் கொஞ்சம் காட்டுறீங்களா?” என்றேன்.

“வேன்ல இருக்கு, எடுத்துட்டு வர்றேன்” என்று போனவர் திரும்பவில்லை.

மறுநாள் தொழில் திணைக்களக் கந்தோருக்கே போய் விசாரித்தேன். அப்படி யாரையும் அனுப்பவில்லை என்றார்கள். இத்தனை கடை இருக்க என்னிடம் ஏன் வந்தார் என்று பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். பாதி இறக்கிய ஷட்டரைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார். உள்ளே பயந்த ஆள் இருப்பார் என்று அவருக்குத் தெரியும்.

இப்போது யார் வந்தாலும் முதலில் அடையாள அட்டையைத்தான் கேட்கிறேன். போயாவன்று வேலை இருந்தால், வேலை செய்பவர்களுக்கு உரியதைக் கொடுத்துவிட்டு ஷட்டரை முழுதாகத் தூக்கிவிடுகிறேன்.