மூடி கழன்றதும் அடித்த மணி

ராயப்பன்பட்டி வியாகுலமேரிக்குப் பிடித்தால் குரங்குப்பிடிதான். கல்யாணமான வருஷமே கணவன் இருதயம் பேரியாற்று அணை வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தபோது அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை. அணை கட்ட மலைக்கு மேலே போன பலரை மலைக்காய்ச்சல் திருப்பி அனுப்பவில்லை. போன வருஷம் அவள் அண்ணனும் அப்படித்தான் போனான். இப்போது நினைத்துப் பார்த்தால் அவன் முகம் சரியாக ஞாபகம் வர மாட்டேன் என்கிறது. இருதயத்தின் முகமும் அப்படிப் போய்விடுமோ என்ற பயம் அவளை அரித்தது.

அந்த நேரம் பார்த்து, ஊருக்கு வெளியே இருந்த நாயக்கர் காலத்துக் கல்மண்டபத்தைப் படம்பிடிக்க மதுரையிலிருந்து வைகுண்டராஜ் என்றொருவர் வந்தார். மண்டபத்தின் உயரம் தெரிய ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். இருதயத்தைக் கூப்பிட்டார். வியாகுலமேரி விடுவாளா?

"நானும் நிப்பேன். கூலி வேண்டாம். படத்துல ஒண்ணு எங்களுக்குக் குடுங்க" என்றாள். பங்குச் சாமியார் பெயருக்கு அனுப்புவதாக அவர் ஒப்புக்கொண்டார்.

அன்று பார்த்துப் பகலெல்லாம் மழை. பொழுது சாயும்போதுதான் விட்டது. மலைக்கு மேலே மேகம் விலகி, நனைந்த தூண்கள் சிவந்து மின்னின. படம் பதியும் கண்ணாடித் தகடுகளில் மற்றதெல்லாம் ஈரத்தில் கெட்டு, வைகுண்டராஜிடம் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

"வெளிச்சம் கம்மி. நான் கேமராவோட இந்த மூடியைக் கழற்றித் திரும்ப மாட்டுற வரைக்கும் ரெண்டு பேரும் ஆடக் கூடாது. ஆடினா உருவம் விழாது" என்றார்.

மூடி கழன்றது. மாதா கோயிலில் சாயங்கால ஜெப மணியும் அடித்தது. அந்த ஊரில் மணி கேட்டால் ஏர் நிற்கும், உலக்கை நிற்கும், சண்டைகூட நிற்கும். கேட்ட இடத்திலேயே முழங்காலிட்டு ஜெபம் சொல்வது தாய்ப்பாலோடு வந்த பழக்கம். வியாகுலமேரிக்கும் கால் மடங்கப் பார்த்தது. 'மாதாவே, இன்னைக்கு ஒருநா பொறுத்துக்க' என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இருதயமோ தலைப்பாகையை அவிழ்த்து, சிலுவை போட்டு, முழங்காலில் இறங்கினான். பாவி மனுஷன் யோசிக்கவே இல்லை. அவன் கை அவள் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பிடித்து நிறுத்த நினைத்தாள். அந்நிய ஆம்பிளைக்கு முன்னால் புருஷன் கையைத் தொடுவதா என்று கூசி விட்டுவிட்டாள்.

"கெடுத்துட்டியேய்யா!" என்று கத்தினார் வைகுண்டராஜ். பிறகு, மண்டபம் விழுந்திருக்கும், அது போதும் என்று பெட்டியைக் கட்டினார்.

இருதயம் முழங்கால் சேற்றைத் தட்டிக்கொண்டே, "விடு புள்ள, அணை வேலைக்குப் போய்த் திரும்பி வந்து எடுத்துக்கிருவோம்" என்றான்.

வரவில்லை. மாசி பிறக்கும் முன்பே காய்ச்சலில் இறந்துபோனான், மேலேயே புதைத்தாயிற்று என்று கூடப் போனவன் வந்து சொன்னான்.

படம் அதற்குப் பிறகு வந்தது. சாமியார் கூப்பிட்டுக் கொடுத்தார். தூண்களின் செதுக்கல்கூடத் துல்லியமாக விழுந்திருந்தது. படத்தில் வியாகுலமேரி கண்ணை விரித்து நின்றாள். பக்கத்தில் அடுப்புப்புகை மாதிரி ஒரு கலங்கல். அதற்குள்ளே பின்னாலிருந்த கல் தெரிந்தது.

"ஜெபம் சொன்னவன், அம்மா. மாதா கைவிட மாட்டா" என்று தேற்றினார் சாமியார்.

"அவுகளை மாதாவே வச்சுக்கிரட்டும் சாமி. எனக்கு அந்த மூஞ்சி போதும்னுதான நின்னேன்" என்றாள். அழுகை வெடித்தது. "கையைப் பிடிச்சிருக்கலாம். பிறத்தியார் பாக்காகளேன்னு வெக்கப்பட்டேன். பாத்தா என்ன சாமி ஆயிருக்கும்?"