கப்பல் மணிக்கு எழுந்த சபை

1. இரண்டு மணிகள்

அந்தமானில், ஹேடோ சர்ச்சில் மணியடிக்கும் கோயில்குட்டியாக நான் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே போதகர் ஐயர் எனக்கு இரண்டு மணிகளைக் கற்றுக்கொடுத்தார். ஆராதனைக்கு நிதானமாக ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். மெயின்லேண்ட் கப்பல் கண்ணில் பட்டால் இரண்டிரண்டாக, படபடவென்று. கோயில் மேட்டில் இருந்ததால் கப்பல் எனக்குத்தான் முதலில் தெரியும்.

சபையில் பாதிப் பேருக்கு வார்ஃபில் கப்பல் சரக்கு இறக்கும் வேலை. மீதிப் பேருக்குக் கப்பலில் வரும் கடிதம், வெங்காயம், வெற்றிலை. இரட்டை மணி கேட்டால் பிரசங்கம் எங்கே நின்றாலும் சரி, ஓர் ஆள் இருக்காது. ஐயர் முதுகுகளைப் பார்த்து ஆசீர்வாதம் சொல்வார். மற்ற ஞாயிறுகளில் சபை நன்றாகத் தூங்கும். யார் எந்தத் தூணில் சாய்வது என்பதுகூட ஏற்பாடுதான். நான் என்ன யோக்கியமா? மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் தூங்க எனக்கும் ஒரு ஸ்டூல் இருந்தது.

2. எழுப்புதல் கூட்டம்

ஒரு வருடம் மெயின்லேண்டிலிருந்து பிரசங்கியார் ஒருவரை அனுப்பினார்கள். சபையில் உயிர் இருக்கிறதா என்று பார்த்து எழுதுவாராம். இல்லையென்றால் எங்களை அக்கரையிலுள்ள பாம்பூஃப்ளாட் சபையோடு சேர்த்துவிட்டு, கோயிலைப் பூட்டிவிடுவார்களாம். கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறையில் நானும் நிறைமாத மனைவியும் குடியிருந்தோம். கோயில் போனால் அறையும் போச்சு.

வெள்ளி, சனி இரண்டு சாயங்காலமும், "புது வாழ்வு வேணுங்கிறவங்க எழுந்து நில்லுங்க" என்று பிரசங்கியார் தொண்டை கிழியக் கூப்பிட்டார். ஒருவரும் எழவில்லை. வார்ஃபில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் தங்கையா அண்ணாச்சியிடம் போய், ஒரு தடவை எழுந்து நின்றால்தான் என்ன என்று கெஞ்சினேன்.

"அரே, ஞானஸ்நானம் எடுத்து முப்பது வருசம் ஆச்சுலே. பழைய வாழ்வே நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

ஞாயிறு காலை, கடைசி அழைப்பு. பிரசங்கியார் கண்ணை மூடிக் கைகளை உயர்த்தினார். ஓர் அசைவு இல்லை. அண்ணாச்சியின் குறட்டை வேறு. சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை. இரண்டிரண்டாக அடித்துவிட்டேன்.

"ஜஹாஜ்! ஜஹாஜ்!"

பெஞ்சுகள் கிறீச்சிட மொத்தச் சபையும் எழுந்தது. கப்பலைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறோம் என்று அந்த மனிதருக்கு என்ன தெரியும்? ஏதோ அந்தமான் அல்லேலூயா என்று நினைத்திருப்பார். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "அத்தனை பேரையும் எழுப்பிட்டீரே ஆண்டவரே!" என்று கால்மணி நேரம் ஜெபித்தார். கண்ணைத் திறந்தால் நான் மட்டும் நிற்கிறேன். ஐயரையும் காணோம். அவருடைய புது மூக்குக்கண்ணாடி கப்பலில் வர வேண்டியிருந்தது.

"மத்தவங்கள்லாம் எங்க தம்பி?"

நான் பதில் சொல்வதற்குள் கப்பலைக் காணாத சபை மூச்சிரைக்க மேடேறி வந்துவிட்டது. முன்னால் அண்ணாச்சி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"எங்கலே ஜஹாஜ்? கடல் முழுங்கிட்டா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான்தான் பொய்யா அடிச்சேன், அண்ணாச்சி. யாரும் எந்திரிக்கலைன்னா கோயிலப் பூட்டிருவாங்க. புள்ளத்தாச்சியக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்? மன்னிச்சிருங்க."

பிரசங்கியார் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "மூணு நாள்ல ஒருத்தராவது மனந்திரும்பினாரே" என்றார். சிரித்தாரா அழுதாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

3. அடுத்த ஞாயிறு

அவர் திரும்பிப் போகக் கப்பல் இல்லாததால் அடுத்த ஞாயிறும் முன்வரிசையில் இருந்தார். பாதிப் பிரசங்கத்தில் நிஜக் கப்பலே வந்துவிட்டது. இரண்டிரண்டாக அடித்தேன். யாரும் அசையவில்லை. மறுபடி அடித்தேன்.

"சும்மா கெடலே! ஒருக்கா ஓடினது போதும். ஐயர் சொல்லுதத கேக்க விடு!" என்று அண்ணாச்சி அதட்டினார்.

என் மேல் இருந்த கோபத்தில் ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை. கப்பல் நாளில் ஐயர் முகங்களைப் பார்த்து ஆசீர்வாதம் சொன்னது அதுதான் முதல் தடவை. கண்ணாடி இல்லாததால் முகங்கள் சரியாகத் தெரிந்திருக்காது, அது வேறு விஷயம். அவர் ஆமென் சொல்லவும் வார்ஃபிலிருந்து கப்பல் ஹார்ன் அடித்தது. அண்ணாச்சி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

பிரசங்கியார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கப்பலே வந்தாலும் எழாமல் வேதம் கேட்கிற சபை, தனியாகவே இருக்கட்டும்" என்று எழுதினார். அதில் பொய் ஒன்றும் இல்லையே. அடுத்த வாரம் அதே அறையில் எனக்கு மகள் பிறந்தாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மணி அடிப்பதோடு நம் வேலை முடிந்தது. சபையை எழுப்புவது வேறொருவர் வேலை, அதில் நாம் கை வைக்கக் கூடாது. நம்மால் எழுப்ப முடிந்தது ஒரே ஓர் ஆளைத்தான். பொய் மணி அடித்த அன்று மத்தியானமே அந்த ஸ்டூலை எடுத்து வெளியே போட்டேன்.