கம்மலக்காவின் பக்கவாசல்

குழந்தைகள் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கும் நர்ஸுக்குக் கம்மலக்கா என்று பெயர் வந்ததே ஒரு கூத்து. எந்தக் குழந்தை வந்தாலும் முதலில் காதை மடக்கிப் பின்புறம் பார்ப்பாள். கம்மலைத்தான் ரசிக்கிறாள் என்று தாய்மார்கள் பூரித்துப் போவார்கள். அவள் தேடுவது தட்டம்மையை! அது பெரும்பாலும் காதுக்குப் பின்னால் தலைகாட்டி, முகம், மார்பு என்று கீழே இறங்கும்; கண் சிவக்கும், மூக்கு ஒழுகும். சந்தேகம் வந்துவிட்டால் யார் வீட்டுப் பிள்ளையானாலும் பக்கவாசல் வழியாகத் தனி அறைக்குத்தான். "கூட்டத்துல உக்காந்தா பத்துப் புள்ளைக்கு ஒட்டிக்கும், தெரியுமா?" என்று ஒரு போடு போடுவாள். ஒரு வக்கீலம்மா சண்டைக்கே வந்தார். அப்போதும் மசியவில்லை.

இத்தனை பிள்ளைகளைத் தொடுகிறவள் தன் ஐந்து வயது மகள் பட்டுவைத் தொட்டுப் பதினொரு மாதம் ஆகிறது. தையற்காரக் கணவனும் மகளும் இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருக்கிறார்கள். இவளுக்கு லீவு கிடைக்காததால் நாளை அவர்களே கிளம்பி வருவதாக ஏற்பாடு. மகளுக்கென்று குட்டித் தலையணைகூட வாங்கி வைத்துவிட்டாள்.

மதியம் சாப்பாட்டு வேளையில் கணவன் வீடியோவில் வந்தான்.

"பட்டுக்கு ரெண்டு நாளா லேசா காய்ச்சல். வயித்துல வேர்க்குரு. பவுடர் போட்டா சரியாயிடும்ல?"

வேர்க்குருவாகவே இருந்து தொலையட்டும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

"சட்டையத் தூக்கிக் காட்டுங்க. வெளிச்சத்துக்கு வாங்க."

ஓரிடத்தில் சிவப்புப் புள்ளி, பக்கத்தில் நீர்கோத்த கொப்புளம், அதற்குப் பக்கத்தில் காய்ந்த பொருக்கு. மூன்றும் ஒரே நேரத்தில், தலைமுடிக்குள்ளும்கூட. பாழாய்ப்போன கண், பார்க்காமல் விட அதற்குத் தெரியவில்லை.

"சின்னம்மைங்க. நாளைக்குக் கிளம்பாதீங்க."

"என்னம்மா நீ! இவ பையைத் தோள்ல மாட்டிக்கிட்டே திரியிறா. முழுக்கைச் சட்டை போட்டுக் கூட்டிட்டு வந்துடறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே! ரயில்ல கைக்குழந்தை இருந்தா? மாசமா இருக்கறவ யாராவது பக்கத்துல உக்காந்தா? எல்லாம் காஞ்சு பொருக்குத் தட்டுற வரைக்கும் வெளிய கூடாது. டாக்டருக்கு முன்கூட்டியே போன்ல சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க."

சொல்லி முடிப்பதற்குள் பட்டு போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மா, புள்ளி வந்த பிள்ளைங்களைத்தானே நீ தொட்டுப் பாப்ப? எனக்குத்தான் வந்திருச்சே. இப்பவும் வரக் கூடாதா?"

கம்மலக்கா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். "காதைக் காட்டுடி, கண்ணு" என்றாள்.

அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். பட்டு காதை மடக்கிக் காட்டினாள். கம்மலக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.