இடப்பக்கத்து ஸ்பீக்கர்

வீடு வீடாகப் போய் ஹோம் தியேட்டர் பொருத்திப் பூட்டுகிறவனால் எந்த வீட்டிலும் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடிக்க முடியாது. கல்யாண வீடோ செத்த வீடோ, கண் முதலில் டிவிப் பக்கம்தான் போகும். ஸ்பீக்கரை அலுமாரிக்கு மேல் படுக்க வைத்திருப்பார்கள். அதன் வாயை அடைத்துக்கொண்டு பிளாஸ்டிக் பூச்சாடி ஒன்று நிற்கும். எனக்குக் கை துருதுருக்கும். உங்களுக்கும் இந்த வியாதி இருந்தால் நான் சொல்வது விளங்கும். இல்லாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

இப்போதெல்லாம் ஒரு மைக்கை வைத்தால் தானே அளந்துகொள்ளும் செட்டுகள் வந்துவிட்டன. நான் என் காதைத்தான் நம்புகிறவன். செற்றியின் நடுவில் உட்கார்ந்து, கண்ணை மூடி, இடமும் வலமும் சமமாகக் கேட்கும்வரை கூட்டிக் குறைப்பேன். அந்தக் காதில்தான் கொஞ்ச நாளாகச் சந்தேகம். இடது காது மந்தமாகிறதோ? கல்லடியில் என் சொந்த வீட்டு ஸ்பீக்கர்களைக் கழற்றுவதும் மாற்றுவதுமாக இருக்கிறேன், சரிவரவில்லை. போதாக்குறைக்கு என் மனைவி ராணி, காற்றாடிக்குக் கீழே இருந்த தன் இடப்பக்கத்துக் கதிரையை விட்டுவிட்டு வலப்பக்கம் வந்து உட்காரத் தொடங்கி, நான் அளந்து வைத்ததையெல்லாம் கெடுத்துவிட்டாள். காது போனால் தொழில் போச்சு. ஒருத்தருக்கும் சொல்லாமல், போகிற வீடுகளிலெல்லாம் என்னை நானே சோதித்துக்கொண்டு திரிந்தேன்.

கண்ணாடி அலுமாரி

காத்தான்குடியில் ஒரு ஹாஜியார். கட்டாரிலிருக்கும் மகன், ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பேஸ் பெட்டியுமாக முழு செட்டையும் அனுப்பியிருந்தான். கிரிக்கெட் பார்க்கும்போது சனத்தின் ஆரவாரம் முதுகுக்குப் பின்னாலிருந்து வரவேண்டும் என்று, பின் ஸ்பீக்கர் இரண்டையும் செற்றிக்குப் பின்சுவரில் கொழுவினேன். கையைக் கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், மனிதர் இரண்டையும் கழற்றி முன்னாலிருந்த கண்ணாடி அலுமாரிக்குள், பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில் அடுக்கிக்கொண்டிருக்கிறார். மற்ற மூன்றும் ஏற்கனவே அங்கே குடியேறிவிட்டன.

ஐந்தும் ஒரே அலுமாரிக்குள்ளிருந்து கத்தின. எது இடம், எது வலம் என்று நல்ல காதுக்காரனாலும் சொல்ல முடியாது. என் சோதனை அதோடு போச்சு. எனக்கு வந்த எரிச்சலை அடக்கிக்கொண்டு, இது முறையில்லை ஹாஜியார் என்றேன். அவருக்கு என்மேல் இரக்கம்தான் வந்தது.

“பின்னுக்கு வெச்சா வீட்ட வாற மனிசருக்கு எப்பிடித் தம்பி தெரியும், அஞ்சு இரிக்கெண்டு?”

ஜன்னலோரத்தில் ஒருத்தி

அடுத்தது ஒரு டீச்சர் வீடு. மெதடிஸ்த கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவர். யார் சுருதி விட்டாலும் திரும்பிப் பார்க்காமலே கண்டுபிடிப்பார் என்று பெயர். அவர் வீட்டுக்கு நானாக விரும்பித்தான் போனேன். போகிற வழியெல்லாம் ஏன் போகிறோம் என்றும் இருந்தது.

வழக்கம்போல நடுவில் உட்கார்ந்து சமம் பார்த்தேன். இடப்பக்கத்தை ஒரு சொட்டுக் கூட்டினேன். பிறகு இன்னொரு சொட்டு. இப்போது எனக்கு அச்சாவாக, சமமாக இருந்தது. டீச்சர் என் இடத்தில் உட்கார்ந்து ஒரு பெண் தனியே பாடும் பாட்டைப் போடச் சொன்னார். இரண்டு வரி கேட்டதும் அவருடைய முகம் மெதுவாக இடப்பக்கத்து ஜன்னலை நோக்கித் திரும்பியது. ஜன்னல் திரைதான் காரணம் என்றேன். திரையை இழுத்து விட்டேன், நாற்காலியை நகர்த்தினேன், வயரைக் கூடப் பிடுங்கிச் செருகினேன். என் நெற்றியில் வேர்த்துக் கொட்டியது.

“அது சரி தம்பி, பாட்டுக்காரி நடுவில நிக்காம ஏன் ஜன்னலடியில போய் நிக்கிறா?”

வட்டைக்கு ஒரு ஸ்பீக்கர்

அந்தக் கிழமையே பழுகாமத்திலிருந்து அழைப்பு. அறுபது தாண்டிய, வயல்காணி நிறைய உள்ள ஒரு போடியார். பின் ஸ்பீக்கர் இரண்டையும் வீட்டுக்கு வெளியே, தன் வயல் கிடக்கிற வட்டைவெளியைப் பார்த்துப் பூட்டவேண்டுமாம். டிவி உள்ளே, ஆள் வெளியே. களை பிடுங்கக்குள்ள செய்தி கேக்கோணும் என்றார். மழை நனைக்கும், வெயில் எரிக்கும் என்று எவ்வளவோ சொன்னேன். கடைசியில் பூட்டிக் கொடுத்துவிட்டு, எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்க்க வயலோரக் கிரவல் பாதையில் இரண்டு பேரும் நடந்தோம்.

பின்னாலிருந்து லேண்ட் மாஸ்டர் உழவு மெசின் ஒன்று வரும் சத்தம் கேட்டது. வலப்பக்கத்தால் வருகிறது என்று நினைத்து இடப்பக்கம் ஒதுங்கினேன். போடியார் என் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்திராவிட்டால் அதற்கு அடியில் கிடந்திருப்பேன். மெசின் என் இடது தோளை உரசிக்கொண்டு போனது. இனித் திரை, ஜன்னல், வயர் என்று எதன்மேலும் பழியைப் போட வழியில்லை.

“என்ன மனே, மெசின் வாற பக்கமாப் பாத்து ஒதுங்கிறாய்?”

ராணியின் கதிரை

வீட்டுக்கு வந்ததும் ராணியை செற்றியின் நடுவில் இருத்தினேன். கண்ணை மூடு, எந்தப் பக்கம் கூடக் கேட்கிறது என்று சொல் என்றேன். அவள் கண்ணை மூடவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் மெத்தக் கூட என்றாள். குறைத்தேன். இன்னும் குறையுங்கள் என்றாள். அவளுக்குச் சமமாக வந்தபோது எனக்கு இடப்பக்கம் அணைந்தே போயிருந்தது.

என் வழக்கமான கதிரையில் போய் உட்கார்ந்து, எனக்குப் பயமாக இருக்கிறது என்று அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன். அவள் எழுந்து வந்து, எனக்கு வலப்பக்கமாக உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் காற்றாடிக் காற்று வராது. கழுத்தெல்லாம் வியர்வை. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

“இஞ்சருங்க, போன பொங்கலுக்குப் பிறகு நான் இந்தப் பக்கம் இருந்துதானே உங்களோட கதைக்கிறன், நாளைக்கு ரெண்டு பேருமா டொக்டரிட்டப் போவம்.”

யாருடைய வீட்டில் எந்த ஸ்பீக்கர் எங்கே இருக்கவேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்த எனக்கு, என் வீட்டில் ஒருத்தி சரியான இடத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்திருந்தது மட்டும் தெரியவில்லை.