நான் வெட்டிய பச்சை வயர்

முப்பது ஆண்டுகள் பள்ளியில் அறிவியல் கற்பித்தவன் நான். என் மனைவியின் மணிக்கட்டு உடைந்தது என்னால்தான். பார்க்க வந்தவர்களிடம் அவளோ, "ஈரத்துல சிலிப்பர் போடாம நின்னது என் தப்பு" என்றாள். நான் பக்கத்திலேயே நின்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சென்னைக்குப் போனபோது ஆசைப்பட்டு ஒரு கிரைண்டர் வாங்கி, மலேசியாவுக்கு, ஆயர் குரோ வீட்டுக்குச் சுமந்து வந்தோம். அதன் பிளக்கில் உருண்டைக் கம்பிகள். நம் ஊர்ச் சுவரில் சதுர ஓட்டைகள். பிளக்கை நானே மாற்றினேன். சுவிட்சைத் தட்டியதும் வீடு முழுக்கக் கரண்டு போனது. மறுபடி தட்டினேன், மறுபடி போனது. மோட்டாரிலிருந்து இரும்பு உடம்புக்கு மின்சாரம் கசிகிறது, பச்சை எர்த் வயர் அதைத் தரைக்குக் கொண்டுபோகிறது, கசிவை உணர்ந்து பிரேக்கர் விழுகிறது. இதைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன்! ஆனால் ஊறிய அரிசி காத்திருந்தது. பிரேக்கரைத் திட்டிக்கொண்டே பச்சை வயரை வெட்டி டேப் சுற்றினேன். கிரைண்டர் ஓடியது. கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன், மடையன்.

மறுவாரமே அவள் சொன்னாள். "என்னாங்க, இதத் தொட்டா கை சுர்ருங்குது."

"சிலிப்பர் போட்டுக்கிட்டு அரைலா. ஒனக்கு எல்லாத்துக்கும் பயம்."

ஒரு நாள் தரையைக் கழுவிவிட்டு, ஈரக் காலோடு, கிரைண்டர் ஓட ஓடவே மாவை வழித்தாள். அலறல் கேட்டு ஓடினேன். நான் திட்டிய அதே பிரேக்கர் விழுந்து அவள் உயிரைக் காப்பாற்றியிருந்தது. கையை ஊன்றி விழுந்ததில் எலும்பு உடைந்தது. அப்போதும் நான் கத்தியது, "சிலிப்பர் எங்க?" என்றுதான். நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

போன வாரம் கோயில் அன்னதானக் குழுவிலிருந்து ஒருவர் லாரியோடு வந்தார்.

"அக்கா கிரைண்டர கோயிலுக்குக் குடுக்குறேன்னாங்க, சார்."

"எடுத்துக்குங்க தம்பி. நல்லா அரைக்கும். எனக்குத்தான் இனிமே கை தாங்காது" என்றாள் மனைவி.

வந்தவர் கிரைண்டரைத் தூக்கக் கை வைத்தார். கோயில் சமையற்கட்டில் எப்போதும் தண்ணீர் ஓடும். எல்லோரும் வெறுங்கால்.

"விடுங்க அத! எர்த் வயர நான் வெட்டிட்டேன். தொட்டா ஷாக் அடிக்கும். அவ கை உடைஞ்சதும் அதாலதான்."

வந்தவர் கையை வெடுக்கென்று எடுத்தார். கத்தரிக்கோலை எடுத்து வந்து கிரைண்டரின் வயரையே அடியோடு வெட்டிப் போட்டேன்.

மனைவி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி என்னையே பார்த்தாள்.

"அப்ப மூணு வாரமா, தப்பு என்னுதுன்னு நான் சொல்லச் சொல்ல, கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க?"