அவிழ்த்தவர் பிடிக்கட்டும்

கம்பி பின்னிய ஹோஸை அறுப்பதில் கெட்டித்தனம் இரும்பறுக்கும் வாளில் இல்லை, அறுக்குமுன் சுற்றும் டேப்பில்தான் இருக்கிறது என்பாள் கனகேஸ்வரி. இறுக்கிச் சுற்றி, டேப்பின் நடுவாலேயே அறுத்தால் முனை சீவினாற்போல நிற்கும். இயந்திரத்தோடு பொருத்துகிற பித்தளைத் தலை அதன்மேல் ஏறும்வரை டேப்பை எடுக்கக்கூடாது. எடுத்தால் மயிரிழைக் கம்பிகள் எல்லாம் சிலிர்த்துக்கொண்டு எழும்பும், பிறகு எந்தத் தலையும் ஏறாது. கொழும்பு மருதானையில் மர்ஸூக்கின் பட்டறையில் ஒன்பது வருடமாக அவள் அறுத்த முனை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பொம்பிளைக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுடைய ஹோஸைக் கடைசியாக எடுத்தாள், அவ்வளவுதான்.

தொண்ணூற்றேழாம் ஆண்டுச் சித்திரை வெயிலில் பேலியகொடையில் மீனுக்கு ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் ஹோஸ் வெடித்துவிட்டது. மீன் நாறத் தொடங்கினால் யாரும் யாரையும் மன்னிக்கமாட்டார்கள். பட்டறையில் அந்தப் பருமனில் மிஞ்சியிருந்தது ஒரேயொரு துண்டு. அளவுக்கு அறுத்தபின் அரை அங்குலமும் மிச்சமில்லை. பித்தளைத் தலைகள் இயந்திரத்திலேயே இருந்ததால் அங்கே போய்த்தான் பூட்டவேண்டும். அவளுடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் சாவகச்சேரி என்றிருப்பதையும் யுத்தகாலத்தில் வடக்கு ஆட்களைச் சாவடிகளில் மறிப்பதையும் நினைவுபடுத்தி, வேறு யாரையாவது அனுப்பலாம் என்றார் மர்ஸூக்.

"நான் அறுத்ததை நான்தான் பூட்டுவன்" என்று ஹோஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பாலத்தடிச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அவளுடைய அட்டையைப் பார்த்த பொலிஸ்காரர் அதைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இரண்டு முனையிலும் டேப் சுற்றிய குழாயைக் கண்டதும் குண்டோ என்று அவருடைய முகம் மாறியது. உள்ளே என்ன என்றார். காற்று என்றாள் அவள், நல்ல சிங்களத்தில். நேராகப் பிடித்துக் கண்ணை வைத்தால் அந்தப் பக்கம் தெரியும், டேப்பில் மட்டும் கைவைக்கவேண்டாம் என்றும் சொன்னாள். வேண்டாம் என்றால் சும்மா இருக்கிற ஆளா அவர்? ஒரு முனையின் டேப்பை உரித்தார். கம்பிகள் விரிந்து அவருடைய பெருவிரலிலேயே ஏறின. ரத்தத்தைக் கண்டு கோபம் வந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கோபம் இரட்டித்தது. போ என்று அட்டையை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. திரும்ப அறுக்க நீளமில்லை. முனை இப்படியே போனால் மீனும் போகும், அவள் பேரும் போகும். பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் ஒன்பது வருடப் பேரை ஒருவர் நகத்தால் உரித்துவிட்டுப் போ என்றால் போய்விடுவதா?

"மாத்தயா, நீங்கதான் அவிழ்த்தது. மற்றப் பக்கத்தை ஆடாமல் பிடியுங்கோ" என்று மரியாதையாகவே சொன்னாள்.

ஹோஸின் மறுமுனையை அவருடைய கையில் திணித்துவிட்டு ரோட்டோரச் சீமெந்துக் கட்டின்மேல் குந்தினாள். பஸ்காரன் ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். வரிசையில் நின்ற சனமெல்லாம் பார்த்தது. பிடித்த கையை விட்டால் வெட்கம், பிடித்தால் அதைவிட வெட்கம். மனிசன் பிடித்துக்கொண்டே நின்றார். அவள் ஒவ்வொரு கம்பியாக, அது வந்த பின்னல் வழியே, நகத்தால் நீவிப் படுக்கவைத்தாள். விரல் நுனிகள் பொத்துப்போயின. அரை மணித்தியாலம் கழித்துப் புது டேப்பை இறுக்கிச் சுற்றிப் பல்லால் கடித்து அறுத்தாள். முனை அச்சொட்டாக நின்றது.

எழும்பி அட்டையை வாங்கிக்கொண்டாள்.

"அடுத்த சாவடியிலயும் அவிழ்க்கச் சொன்னால், நீங்க பாத்தாச்சு எண்டு சொல்லவேணும். உங்கட பேர் என்ன?"

அவர் பிடித்திருந்த முனையை அவளிடம் கொடுத்தார். பிறகு முழுப் பேரையும் சொன்னார்.